நேர் வண்டி

எங்கள் யார்டுக்கு உடைக்க வரும் வண்டிகள் மூன்று வகை. சொந்தக்காரரே பதிவுப் புத்தகத்தோடு வந்து, எதிரில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அது நேர் வண்டி. சொந்தக்காரர் இறந்துபோய், பெண்டாட்டியோ பிள்ளையோ இறப்புச் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு வந்தால் வாரிசு வண்டி. எந்தத் தாளும் இல்லாமல் வருவது அனாதை. அதன்மேல் நாங்கள் சுத்தியலை வைப்பதில்லை, வைத்தால் கம்பி எண்ண வேண்டியிருக்கும்.

தாள்களைப் பார்ப்பது என் வேலை. ஒரு வண்டியை நசுக்கிவிட்டால் மட்டும் அது செத்துவிடாது. சேசிஸ் நம்பர் பொறித்த தகட்டை அறுத்தெடுத்து, புத்தகத்தோடு சேர்த்துப் பதிவு ஆபீசில் ஒப்படைத்து, அவர்கள் ரத்து முத்திரை குத்தினால்தான் செத்தது. அதுவரை அந்த வண்டி எங்கேயோ ஓடிக்கொண்டிருப்பதாகத்தான் அரசாங்கம் நினைக்கும். வருகிறவர்களிடம் நாள் முழுக்க "இந்தக் கட்டத்துல டிக் போடுங்க, அந்தக் கட்டத்துல கையெழுத்துப் போடுங்க" என்று கத்துவதால் எனக்குப் பெயரே கட்டம். ஜாதகக் கோளாறு என்று நினைத்துப் பரிதாபப்பட்டவர்களும் உண்டு.

அந்தப் பெயரை வைத்தது ரெக்ஸின் அக்காதான். யார்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவளுடைய சீட் கவர் கடை. கடை என்றால் ஒரு ஷட்டர், அதற்குப் பின்னால் ஒரு தையல் மெஷின், வெட்டுகிற பலகை, சுவரோரம் சாய்த்து வைத்த ரெக்ஸின் சுருள்கள். வயது அறுபதைத் தாண்டியும் வளைந்த ஊசியைக் கையில் எடுத்தால் நிமிர மாட்டாள். பழைய சீட்டுகளிலிருந்து கழற்றிய நல்ல ஃபோமுக்காக மாதம் ஒருமுறை யார்டுக்கு வருவாள். வரும்போதே, "என்ன கட்டம், இன்னைக்கு எத்தனை பேரைக் கொன்னே?" என்பாள். "நாலு, அக்கா. ஒண்ணு இன்னும் இழுத்துக்கிட்டு இருக்கு" என்பேன்.

சீட்டைப் பார்த்தே ஆளைச் சொல்வாள். வலது ஓரம் அமுங்கியிருந்தால் பர்ஸைப் பின்பாக்கெட்டில் வைக்கிறவன். டிரைவர் சீட்டின் முன்விளிம்பு தேய்ந்திருந்தால் எப்போதும் அவசரத்தில் இருக்கிறவன். பக்கத்து சீட் புதுசு போலவே இருந்தால், "பாவம், இவனோட யாரும் வர்றதில்ல போல" என்பாள். நாங்கள் சிரிப்போம். அவளும் சிரிப்பாள். அதெல்லாம் அவளுடைய மகன் போவதற்கு முன்னால்.

மகன் வாடகை வண்டி ஓட்டினான். முப்பத்தொரு வயது, கல்யாணம் ஆகவில்லை, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று பயப்படுகிற ரகம். அப்பா இல்லை. அம்மாவும் பிள்ளையும் இரண்டு அறை வீட்டில் இருந்தார்கள். கடைசி ஆறு மாதம் அவன் சரியாகத் தூங்கவில்லை, சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவான் என்று அக்கா பிறகு சொன்னாள். அப்போது அதை வேலைக் களைப்பு என்றே எடுத்துக்கொண்டாளாம்.

ஒருநாள் மதியம் கறுப்பு நூல் தீர்ந்துவிட்டது. "ஒரு கண்டு வாங்கிட்டு வாடா" என்றாள். "சரிம்மா" என்று நடந்தே போனான். வண்டி வாசலில் நின்றது, சாவி ஆணியில் தொங்கியது. நூல் கடைக்காரர் அவனைப் பார்க்கவே இல்லை என்றார். அதன் பிறகு யாருமே பார்க்கவில்லை.

அக்கா போலீசுக்குப் போனாள், ஆஸ்பத்திரிகளுக்குப் போனாள், பிணவறைக்கும் போனாள். எங்கும் இல்லை. வீட்டுச் சாவியை அவன் எடுத்துப் போகவில்லை என்பதால், அந்த முதல் வாரத்துக்குப் பிறகு அவள் வீட்டுக் கதவைப் பூட்டியதே கிடையாது. கடைக்கு வந்தாலும் சரி, வெளியே எங்கே போனாலும் சரி, வெறுமனே சாத்திவிட்டு வருவாள். திருடன் வருவான் என்று சொன்னால், "வரட்டும். வந்தா வீட்டைப் பாத்துக்குவான்" என்பாள்.

அவன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு அவளிடம் ஒரு கணக்கு இருந்தது. யார் கேட்டாலும் அதையே சொல்வாள். "ஓடிப்போறவன் வண்டியை விட்டுட்டா போவான்? சாகப் போறவன் அன்னைக்குக் காலைல நாலு டயருக்கும் காத்தடிச்சு, உள்ள வெளிய கழுவித் தொடைச்சு நிறுத்துவானா? வண்டி அவன் பேர்ல இருக்கு தம்பி. தன் பேர்ல இருக்கறதை எவனாவது நடுத்தெருவுல விட்டுட்டுப் போவானா? என்னமோ நடந்திருக்கு. எங்கயோ மாட்டிக்கிட்டு இருக்கான். வண்டிக்காகவாவது வருவான்."

எனக்கும் அது சரியென்றே பட்டது. தலையாட்டிவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

அவன் போய் ஒரு வருஷம் ஆனபோது எதிர்வீட்டுக்காரர்கள் வண்டி இடைஞ்சல் என்று சண்டைக்கு வந்தார்கள். அக்கா யார்டுக்கு வந்து, கொஞ்ச நாள் ஒரு மூலையில் நிறுத்திக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். அன்றைக்கு எனக்கு வேலை தலைக்கு மேல் இருந்தது.

"இங்க நிறுத்தறதுக்கெல்லாம் வண்டி எடுக்க மாட்டோம்க்கா. உடைக்கத்தான் எடுப்போம். புக்கு எங்க?"

அவள் ஒரு நகலை நீட்டினாள். மகன் பெயர், வீட்டு விலாசம், நம்பர் எல்லாம் இருந்தது. "ஒரிஜினல்?" என்றேன். "அவன் பாக்கெட்ல இருக்கும்" என்றாள்.

இந்த இடத்தில்தான் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும். வாடகை வண்டி ஓட்டுகிறவன் ஒரிஜினல் புத்தகத்தை வண்டியை விட்டு எடுக்கவே மாட்டான். எடுத்து, அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நூல் வாங்கப் போக மாட்டான். வண்டிக்குள் நகல் மட்டும் கிடந்தால் ஒரிஜினல் ஆபீசுக்குப் போயிருக்கிறது என்று அர்த்தம். இதைப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான்தான் சொல்லிக் கொடுக்கிறேன். இருபத்தெட்டு வருஷம் தாளிலேயே புரண்ட எனக்கு அன்று அது உறைக்கவில்லை. ஆபீசுக்கு ஒரு போன் போட்டு நம்பரைச் சொல்லியிருந்தால் போதும். நான் போடவில்லை.

அதற்குப் பதிலாக, "உடைக்கணும்னா டெத் சர்டிபிகேட் கொண்டாங்க" என்றேன். எல்லோரிடமும் சொல்கிற அதே குரலில்.

"வாயைக் கழுவுடா!" என்று அக்கா மேசையில் அறைந்த சத்தத்துக்கு, கேஸ் கட்டரோடு வேலை செய்துகொண்டிருந்தவர்கள் நெருப்பை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். எட்டு மாதம் அவள் யார்டுப் பக்கமே வரவில்லை. ஃபோமை வேறு எங்கேயோ வாங்கினாள்.

எதிர்வீட்டுக்காரர்களும் சண்டை போட்டுக் களைத்து விட்டுவிட்டார்கள். வண்டி வாசலிலேயே நின்றது. டயர்கள் உட்கார்ந்தன. கதவுகளின் அடியில் துரு ஏறி, தொட்டால் உதிர்ந்தது. ஆனால் உள்ளே எட்டிப் பார்த்தால் கண் கூசும். வருஷத்துக்கு ஒருமுறை அக்கா எல்லா சீட்டுக்கும் புதுக் கவர் தைத்துப் போட்டாள். நகராத வண்டிக்கு ஐந்து செட் கவர். யாருக்கும் அவளைக் கிண்டல் செய்ய வாய் வரவில்லை.

ஆறாவது வருஷம் கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டினார்கள். தெருவில் கைவிடப்பட்ட பழைய வாகனம், பதினைந்து நாளுக்குள் உரிமையாளர் முறைப்படி அகற்ற வேண்டும், இல்லையென்றால் இழுத்துச் சென்று அழிக்கப்படும் என்று இருந்தது. அக்கா அதைக் கிழிக்காமல் பிரித்தெடுத்து, மடித்து, என் மேசைக்குக் கொண்டுவந்தாள்.

"கைவிடப்பட்டதாம். யாருடா கைவிட்டது?"

நான் உட்காரச் சொன்னேன். இந்த முறை கத்தவில்லை. முறைப்படி உடைத்தால் நாமே கூட நின்று பார்க்கலாம், கவர்களைக் கழற்றிக்கொள்ளலாம், அவர்கள் இழுத்துப் போனால் என்ன செய்வார்கள் என்றே தெரியாது என்று எடுத்துச் சொன்னேன். விண்ணப்பத்தை எடுத்து வைத்தேன். அதில் மூன்று கட்டங்கள் உண்டு. ஒப்படைப்பவர் உரிமையாளர். ஒப்படைப்பவர், இறந்துபோன உரிமையாளரின் வாரிசு. ஒப்படைப்பவர் நீதிமன்ற ஆணை பெற்றவர்.

"கோர்ட்டுக்குப் போனாலும் ஏழு வருஷம் முடியணும்க்கா. அவங்களும் இறந்ததா வெச்சுக்கலாம்னுதான் எழுதுவாங்க."

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்று கட்டங்களையும் விரல் வைத்துப் படித்தாள். அவளுடைய கட்டைவிரல் ரெக்ஸினைத் தள்ளித் தள்ளித் தோலாகவே மாறியிருந்தது.

"வண்டி போனாப் போகட்டும் தம்பி. இரும்புதானே. ஆனா என் கையால அவன் செத்துட்டான்னு நான் எழுத மாட்டேன். காணாமப் போனவர்னு ஒரு கட்டம் போட்டுக் குடு, கையெழுத்துப் போடறேன்."

"அப்படி ஒரு கட்டம் இல்லக்கா."

"உன் பேரே கட்டம். ஒண்ணு போட முடியாதா?"

அவள் ஒற்றைக்காலில் நின்றாள். நானும் என்ன நினைத்தேனோ, ஸ்கேலை எடுத்து மூன்றாவதற்குக் கீழே நான்காவதாக ஒரு கட்டம் வரைந்தேன். பக்கத்தில் 'உரிமையாளர் காணவில்லை' என்று அச்செழுத்து மாதிரி எழுதினேன். அக்கா டிக் போட்டு, மகன் பெயருக்கு எதிரில் தன் கையெழுத்தை வைத்தாள். எனக்கு இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் திருட்டு வேலை.

பதிவு ஆபீசின் மூன்றாவது கவுன்ட்டர் அம்மாவுக்கு என்னைப் பல வருஷமாகத் தெரியும். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கட்டம் வரையறதுக்கு உங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தது? நாளைக்கு ஃபாரமே வீட்ல அடிச்சுக்கிட்டு வருவீங்களா?" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். நான் கையைப் பிசைந்துகொண்டு கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே நம்பரைத் தட்டினார். பிறகு இன்னொரு முறை தட்டினார்.

"இது அந்தப் பையன் பேர்ல இல்லையே."

ஆறு வருஷத்துக்கு முன்னால் வண்டி பெயர் மாற்றம் செய்யப்பட்டிருக்கிறது. உரிமையாளர் ஒரு பெண், அதே விலாசம். புதுப் புத்தகம் தபாலில் அனுப்பப்பட்டு, திரும்பி வந்திருக்கிறது. கவுன்ட்டர் அம்மா உள்ளே போய், திரும்பி வந்த உறைகளைக் கட்டி வைத்த மூட்டையிலிருந்து பழுப்பேறிய ஒன்றைத் தேடி எடுத்து வந்தார். கொடுக்கவில்லை, காட்ட மட்டும் செய்தார். "உரிமையாளர் நேர்ல வந்தாத்தான் குடுப்போம். வரலைன்னா நாங்க தேடிப் போறதில்ல."

உறையின் மேல் பெறுநர் பெயர் அக்காவுடையது. அதன் கீழே மூன்று தேதிகள், தேதிக்குத் தேதி ஒரே வாசகம்: வீடு பூட்டியுள்ளது. அவள் போலீசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைந்த அந்த முதல் வாரத்தின் மூன்று நாள்கள்.

நான் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். பெயர் மாற்றத் தேதியைத் திரையில் பார்த்திருந்தேன். அவன் நூல் வாங்கப் போவதற்குப் பதினோரு நாள் முன்னால். அவள் கட்டி வைத்திருந்த கணக்கு மொத்தமும் எனக்கு முன்னால் தலைகீழாக நின்றது. அவன் வண்டியை விட்டுவிட்டுப் போகவில்லை. கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்.

கடைக்குப் போய்ப் பாதியைத்தான் சொன்னேன். எனக்கு அவ்வளவுதான் தைரியம். "அக்கா, வண்டி உங்க பேர்லதான் இருக்காம். நீங்கதான் ஓனர். முதல் கட்டத்துல டிக் போட்டாப் போதும். அவன் செத்துட்டான்னு எங்கயும் எழுத வேண்டாம்."

அக்கா மெஷினை நிறுத்தினாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

"எழுத வேண்டாமா? நிஜமாவா?"

"நிஜமாக்கா."

"என் பேருக்கு எப்போ மாத்தினான்?" என்று கேட்டவள், தானே பதிலும் சொல்லிக்கொண்டாள். "வண்டி வாங்கின கொஞ்ச நாள்லயே மாத்தியிருப்பான். கள்ளன், சொல்லவே இல்ல பாரு." நான் அதைத் திருத்தவில்லை. கோழை என்று யாராவது என்னைத் திட்டினால் மறுக்க மாட்டேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வரும்போது, அவனுக்குச் சின்ன வயதில் வண்டி என்றால் எவ்வளவு பைத்தியம் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஆபீசுக்குப் போவதற்காக நல்ல துணி உடுத்தியிருந்தாள். மூன்றாவது கவுன்ட்டரில் கையெழுத்துப் போட்டு உறையை வாங்கி, ஜன்னல் பக்கமாகப் போய் நின்று, நூல் வெட்டுகிற சின்னக் கத்தரியால் ஓரத்தை நேராக வெட்டினாள். புதுப் புத்தகம் இன்னும் மொடமொடவென்று இருந்தது. அதோடு பெயர் மாற்ற விண்ணப்பத்தின் நகலும் வந்தது. கீழே இரண்டு கையெழுத்துகள். ஒன்று அவனுடையது, ஒன்று அவளுடையது.

அவள் வெகுநேரம் தன் கையெழுத்தையே பார்த்தாள்.

"இது எனக்கு ஞாபகம் இருக்கு. சாப்பிட உக்காரும்போது வந்தான். இன்சூரன்ஸுக்குன்னு சொன்னான். மூணு எடத்துல போடச் சொன்னான். பேனா எழுதல, வாங்கி ஒதறிக் குடுத்தான். நான் படிக்கல. எதுக்குப் படிக்கணும், அவன்தானே குடுக்கறான்." விரல் தேதிக்கு வந்தது. உதடு அசைந்தது, எண்ணிக்கொண்டிருந்தாள். "பதினோரு நாள்."

"அக்கா..."

"உனக்கு நேத்தே தெரியும்."

"தெரியும்க்கா. அது மட்டும் இல்ல. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே நான் பாத்திருக்கணும். நீங்க நகலைக் காட்டினப்பவே ஒரு போன் பண்ணியிருந்தா தெரிஞ்சிருக்கும். என் தப்பு."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உறையைத் திருப்பி, மேலே எழுதியிருந்த மூன்று தேதிகளையும் வாசகத்தையும் படித்தாள். "அவனைத் தேடப் போயிருந்தேன்" என்றாள், தபால்காரரிடம் சொல்கிற மாதிரி. பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "காத்தடிச்சு வெச்சது எனக்காகத்தானா?" என்றாள்.

நோட்டீசின் கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது வண்டியை யார்டுக்கு இழுத்து வந்தோம். கவர்களைக் கழற்ற அக்கா யாரையும் விடவில்லை. பின் சீட்டில் ஆரம்பித்து ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள். கவர்களெல்லாம் கழன்ற பிறகு, டிரைவர் சீட்டின் ஃபோமை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள். முன்விளிம்பு தேயவில்லை. பக்கத்து சீட்டையும் அழுத்திப் பார்த்தாள். அந்த ஃபோம் புதிதாகவே இருந்தது. நாங்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

பேட்டரி எடுத்து, எண்ணெய் வடித்து, சேசிஸ் நம்பர் தகட்டை அறுத்தார்கள். அது சூடு ஆறும்வரை அக்கா என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள். நான் புது விண்ணப்பத்தை வைத்தேன். முதல் கட்டத்தில் டிக் போட்டாள், கையெழுத்துப் போட்டாள். இந்த முறை ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுப் போட்டாள். நான் எங்கள் பதிவேட்டில் நம்பரை எழுதி, வழக்கம்போல எதிரில் வகையை எழுதினேன். அவள் தலைகீழாகவே அதைப் படித்தாள்.

"நேர் வண்டின்னா என்ன?"

"சொந்தக்காரரே நேர்ல வந்து குடுக்கற வண்டிக்கா. எந்தச் சிக்கலும் இல்லாத வண்டி."

அக்கா தலையாட்டினாள். "சிக்கல் வரக் கூடாதுன்னு நெனச்சிருக்கான். எல்லாத்தையும் நேர் பண்ணி வெச்சுட்டுத்தான் போயிருக்கான், தம்பி" என்றாள். அப்போதுதான் அழுதாள். இத்தனை வருஷமும் யார் முன்னாலும் அழாதவள், பிரித்தெடுத்த கவர்களை முகத்தில் வைத்துக்கொண்டு, யார்டு சத்தம் முழுவதையும் மீறி அழுதாள்.

பத்து நாள் கழித்து அழிப்புச் சான்றிதழ் வந்தது. அதை உரிமையாளரின் விலாசத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது விதி. நானே எடுத்துப் போனேன். வாசலில் வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறையும் நான்கு டயர்களின் தடமும் மட்டும் இருந்தன. கதவைத் தள்ளப் போன கை நின்றுவிட்டது. புதுப் பூட்டு ஒன்று தொங்கியது.

கடைக்குப் போனேன். அக்கா யாருடைய சீட்டுக்கோ விளிம்பு தைத்துக்கொண்டிருந்தாள். சான்றிதழைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு, கோடு போடுகிற சாக்பீஸ் பெட்டிக்கு அடியில் வைத்தாள்.

"வீடு பூட்டியிருந்துச்சு. அதான் இங்க வந்தேன்" என்றேன்.

கறுப்பு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"ஆமா தம்பி. பூட்டிட்டேன்" என்றாள்.